25 வயதாகும் பிள்ளையின் மருத்துவக் காப்பீடு

குடும்பம் முழுமைக்குமாக எடுத்த மருத்துவக் காப்பீட்டில் சேர்ந்திருக்கும் மகனோ மகளோ, நம் நாட்டில் பல பாலிசிகளில் 25 வயது பூர்த்தியானதும், விவாகமோ சொந்தச் சம்பாத்தியமோ ஏற்படின் சிலவற்றில் அதற்கு முன்பே, அப்பாதுகாப்பை இழக்க நேரிடும் என்பதைப் பெற்றோர் அவசியம் அறிந்திருத்தல் வேண்டும். அவ்வயது நெருங்கும் வருஷத்தில், புதுப்பிக்கும் தேதிக்கு ஒன்றிரண்டு மாதம் முன்னதாகவே, பிள்ளையின் பெயரில் தனிப் பாலிசியாக மாற்றித் தரும்படி அதே நிறுவனத்துக்கு எழுத்து மூலம் விண்ணப்பித்தால், முன்பே உள்ள வியாதிகளுக்கென விதிக்கப்படும், இன்று அதிகபட்சம் 36 மாதமான காத்திருப்புக் காலத்தில் இதுவரை கழிந்த பகுதி, பழைய காப்பீட்டுத் தொகையின் அளவுக்கு வீணாகாமல் கணக்கில் சேரும். ஆஸ்துமா, சர்க்கரை வியாதி போன்றவை இளமையிலேயே கண்ட பிள்ளைகளுக்கு இது மிக முக்கியம். கம்பெனி தரும் குழுக் காப்பீட்டை மட்டும் நம்பித் தனிப் பாலிசியைக் கைவிடுவதும் உசிதமன்று. பொதுவாக அது வேலையோடு முடிந்துபோகும்.