மூடிய கதவுக்குப் பின்னால்: குடும்ப வன்முறை குறித்து ஒரு சுயபரிசோதனை

 

ஜும்ஆவுக்கு வரும்போது குளித்து, நல்ல உடை உடுத்தி, அத்தர் பூசி வருகிறோம். பக்கத்தில் இருப்பவருக்கு ஸலாம் சொல்லி, முகம் மலரப் பேசுகிறோம். தொழுகை முடிந்து வீட்டுக் கதவைத் திறக்கும்போது நம் மனைவியும் பிள்ளைகளும் பார்ப்பது இதே முகத்தைத்தானா?

ஆய்வாளர்கள் கண்டது

1962-இல் அமெரிக்காவில் ஹென்றி கெம்பே என்ற குழந்தை மருத்துவரும் அவருடன் பணியாற்றியவர்களும் ஒரு கட்டுரை வெளியிட்டார்கள். எலும்பு முறிவோடு கொண்டுவரப்படும் சில குழந்தைகள் தவறி விழுந்தவர்கள் அல்லர், வளர்ப்பவர்களால் அடிக்கப்பட்டவர்கள் என்று அதில் எடுத்துக் காட்டினார்கள். சமூகம் அதிர்ந்தது. சில ஆண்டுகளுக்குள் அந்நாட்டின் மாநிலங்கள் எல்லாம் இதைப் புகார் செய்வதற்கான சட்டங்களை இயற்றின.

அது மருத்துவமனை வரை வந்த குழந்தைகளின் கதை. வராத வீடுகளின் நிலை என்ன? 1975-இல் முர்ரே ஸ்ட்ராஸ், ரிச்சர்ட் கெல்லஸ், சூசன் ஸ்டெய்ன்மெட்ஸ் என்ற மூன்று சமூகவியலாளர்கள் 2,143 அமெரிக்கக் குடும்பங்களிடம் நேரில் கேட்டார்கள். அவர்கள் கேட்ட விதத்தைக் கவனியுங்கள். "நீங்கள் கொடுமை செய்கிறீர்களா?" என்று கேட்டால் யாரும் ஆம் என்று சொல்லமாட்டார்கள். ஆகவே சண்டை இல்லாத வீடே கிடையாது என்று பேச்சைத் தொடங்கி, ஒவ்வொரு செயலாகக் கேட்டார்கள். தள்ளினீர்களா? அறைந்தீர்களா? எட்டி உதைத்தீர்களா? பொருளை எடுத்து எறிந்தீர்களா? கடந்த ஓராண்டில் எத்தனை முறை?

அப்போது உண்மை வெளியே வந்தது. 3 முதல் 17 வயது வரையுள்ள பிள்ளைகளின் பெற்றோரில் 63 சதவீதம் பேர், அந்த ஓராண்டில் ஒரு முறையாவது பிள்ளை மீது கை வைத்ததாகச் சொன்னார்கள். தம்பதிகளில் 16 சதவீத வீடுகளில் கணவன் மனைவிக்கிடையே கை ஓங்கப்பட்டிருந்தது. உதைப்பது, குத்துவது, அடித்து நொறுக்குவது போன்ற மிகக் கடுமையான வன்முறைக்கு 1,000 பிள்ளைகளில் 36 பேர் ஆளாகியிருந்தார்கள். இவை பெற்றோர் தாமே ஒப்புக்கொண்ட கணக்கு மட்டுமே.

அன்பான இடத்தில் ஏன் அடி?

நீண்ட நேரம் ஒன்றாக இருப்பது, ஒருவர் பலவீனம் மற்றவருக்குத் தெரிந்திருப்பது, வயதிலும் பலத்திலும் உள்ள ஏற்றத்தாழ்வு, வெளியார் எட்டிப் பார்க்காத தனிமை. குடும்பத்தை நெருக்கமாக்கும் இதே காரணங்கள்தான் அதை ஆபத்தான இடமாகவும் ஆக்குகின்றன என்றார்கள் இந்த ஆய்வாளர்கள். கெல்லஸ் இன்னும் வெளிப்படையாகச் சொன்னார்: வீட்டில் அடிப்பவர், அடித்தாலும் தனக்கு எந்த இழப்பும் வராது என்பதால்தான் அடிக்கிறார்.

யோசித்துப் பாருங்கள். முதலாளி திட்டும்போது நமக்குக் கோபம் வருவதில்லையா? வருகிறது. ஆனால் கை எழுவதில்லை. ஆக, "கோபத்தில் என்னை மறந்துவிட்டேன்" என்ற சாக்கு செல்லாது. யாரிடம் மறக்கலாம், யாரிடம் மறக்கக்கூடாது என்று நமக்கு நன்றாகவே தெரிகிறது.

நபி (ஸல்) அவர்கள் தம் கையால் எந்தப் பெண்ணையும், எந்தப் பணியாளையும் அடித்ததே இல்லை என்று அன்னை ஆயிஷா (ரலி) அறிவிக்கிறார்கள். அதிகாரம் இருந்தும் ஓங்காத கை அது.

"என் அத்தா என்னை அடித்துத்தான் வளர்த்தார்"

அடி வாங்கியவர் அடிப்பவராவது விதியா? 1987-இல் காஃப்மன், ஸிக்லர் என்ற இருவர் அதுவரை வந்த ஆய்வுகளைத் தொகுத்துப் பார்த்தார்கள். சிறுவயதில் கொடுமைக்கு ஆளானவர்களில் ஏறத்தாழ 30 சதவீதம் பேர்தான் தம் பிள்ளைகளிடம் அதைத் திரும்பச் செய்கிறார்கள் என்று மதிப்பிட்டார்கள். ஆபத்து அதிகம்தான். ஆயினும் பெரும்பாலோர் அந்தச் சங்கிலியை அறுத்துவிடுகிறார்கள். நீங்களும் அறுக்கலாம்.

ஜமாஅத்தின் பொறுப்பு

வீட்டின் தனிமையில் வளரும் தீமையைத் தடுக்க வெளியே ஒரு கண் வேண்டும். பள்ளிக்கூடம், மருத்துவமனை, காவல்துறை, மகல்லா ஜமாஅத் எல்லாம் அந்தக் கண்கள். இந்தியாவில் 2005-ஆம் ஆண்டின் குடும்ப வன்முறைத் தடுப்புச் சட்டமும், பள்ளியில் உடல் தண்டனையைத் தடை செய்யும் 2009-ஆம் ஆண்டின் கல்வி உரிமைச் சட்டமும் இருக்கின்றன. ஆனால் முறையிட வந்த பெண்ணிடம் "ஸப்ரு செய்யும்மா" என்று மட்டும் சொல்லி அனுப்பினால், அடிப்பவனுக்கு எந்த இழப்பும் இல்லை என்று நாமே உறுதி கொடுத்தவர்களாகிறோம். பொறுமை அநீதிக்குக் காவல் அல்ல.

ஆகவே மூன்று காரியங்கள் செய்வோம். ஒன்று, இன்று இரவு அந்த ஆய்வாளர்களின் கேள்விகளை நமக்கு நாமே கேட்போம். "நான் நல்லவன்தானே" என்று பொதுவாக அல்ல, செயல் செயலாக. இரண்டு, நாம் காயப்படுத்திய மனைவியிடமும் பிள்ளையிடமும் மன்னிப்புக் கேட்போம். மூன்று, அண்டை வீட்டில் ஒரு குழந்தை வதைபடுவது தெரிந்தால் மௌனமாக இருக்கமாட்டோம். இந்தியாவில் 1098, இலங்கையில் 1929 என்ற எண்ணை அழைத்தால் போதும்.

நம் காலடி ஓசை கேட்டதும் பிள்ளைகள் ஒளியாமல் ஓடி வந்து கட்டிக்கொள்ளும் வீடுகளை அல்லாஹ் நமக்குத் தருவானாக! ஆமீன்.