இலவச வைத்தியமும் காப்புறுதியும்

நம் நாட்டு அரச வைத்தியசாலைகளில் சிகிச்சை இலவசம். ஆயினும் கிராமத்து நோயாளிக்குச் செலவு வீட்டு வாசலிலேயே தொடங்கிவிடுகிறது: வாகனச் செலவு, அன்று இழக்கும் நாட்கூலி, வெளியே செய்யவேண்டிய இரத்தப் பரிசோதனை. அவசர நேரத்தில் 1990 இலக்கத்தை அழைத்தால் ‘சுவசெரிய’ அம்புலன்ஸ் கட்டணமின்றி வரும். ஏனைய செலவுகளுக்குக் கைகொடுப்பது காப்புறுதி.

பாடசாலை மாணவருக்கான ‘சுரக்ஷா’ காப்புறுதி 2017இல் ஆரம்பிக்கப்பட்டது. வைத்தியசாலையில் தங்கிச் சிகிச்சை பெறும் பிள்ளைக்கு இதன்மூலம் கொடுப்பனவு கோரலாம். அதற்கு நோய் நிர்ணய அட்டை அவசியம். பெற்றோரே, வீடு திரும்பும்போது தரப்படும் அந்த அட்டையைப் பத்திரப்படுத்துங்கள். பாடசாலையில் படிவத்தைக் கேளுங்கள். மாணவியரே, எழுதத் தெரியாத அயலவரின் படிவத்தை நாம் நிரப்பிக் கொடுப்போம். நமது கல்வி அவர்களுக்கும் பயன்படட்டும்.