பூக்கடையும் விளம்பரமும்

முன்னுரை

“பூக்கடைக்கு விளம்பரம் வேண்டுமா?” என்று பெரியோர் கேட்பர். நம் தோவாளைச் சந்தைக்குச் சென்றவர்க்கு இதன் உண்மை விளங்கும். பிச்சிப்பூவின் மணமே ஆளை அழைத்துவிடும். ஆனால் இணையத்தில் மணம் வீசாது. அங்கே நல்ல எழுத்தையும் நல்ல பொருளையும் நாம்தான் பிறர்க்கு அறிவிக்க வேண்டும். அதற்கான வழிகளைச் சற்றே ஆராய்வோம்.

நாள் தவறாமை

முதல் வழி தொடர்ந்து உழைப்பது. நாகர்கோவில் எழுத்தாளர் ஜெயமோகன், மகாபாரதத்தை ‘வெண்முரசு’ என்னும் நாவல் வரிசையாக இணையத்தில் எழுதினார். 2014 சனவரியில் தொடங்கி 2020 சூலையில் முடித்தார். நாளுக்கு ஓர் அத்தியாயமாக வெளிவந்த அவ்வரிசை 26 நாவல்களாக விரிந்தது. பத்திரிகைத் தொடர்கதைக்குக் காத்திருந்ததுபோல வாசகர்கள் அதற்குக் காத்திருந்தனர். வாசகர் கடிதங்களையும் தம் பதில்களையும் அவர் தளத்தில் வெளியிடுகிறார். கடிதத்திற்குப் பதில் கிடைக்கும் இடத்திற்கு மக்கள் மீண்டும் வருவது இயல்புதானே?

சொந்த மண்

இரண்டாவது வழி, நாம் நன்கறிந்ததைச் சொல்வது. புதுக்கோட்டை மாவட்டம் சின்னவீரமங்கலத்தில் பெரியதம்பி தாத்தாவும் பேரன்மார் ஐவரும் 2018-இல் யூடியூபில் ‘வில்லேஜ் குக்கிங் சேனல்’ தொடங்கினர். திறந்த வயல்வெளியில் சமைத்து, பலருக்கும் பரிமாறினர். வேறு ஒருவரைப் போல நடிக்கவில்லை. 2021-இல் அவர்களுடைய சந்தாதாரர் ஒரு கோடியைத் தொட்டனர். அவ்வாண்டு முதலமைச்சரின் கொரோனா நிவாரண நிதிக்கு 10 லட்சம் ரூபாயும் வழங்கினர்.

நேர்மை

சிலர் காசு கொடுத்துப் பின்தொடர்வோரை வாங்குகின்றனர். இது ஆளில்லாத வீட்டு முகவரிகளைச் சேர்ப்பது போன்றது. அவர்கள் படிக்கவும் மாட்டார்கள், பொருள் வாங்கவும் மாட்டார்கள். யூடியூபும் எத்தனை பேர் திறந்தார்கள் என்பதோடு, எவ்வளவு நேரம் பார்த்தார்கள் என்பதையும் கணக்கிடுகிறது. பணம் பெற்று ஒரு பொருளைப் புகழ்ந்தால், அது விளம்பரம் என்று வெளிப்படையாகக் குறிப்பிட வேண்டும். இந்திய விளம்பரத் தர நிர்ணயக் குழு 2021-இல் இந்நெறியை வகுத்தது.

நமக்கு ஓர் எச்சரிக்கை

தோழியரே, இன்ஸ்டாகிராம், ஃபேஸ்புக் ஆகியவற்றில் கணக்குத் தொடங்க 13 வயது நிரம்ப வேண்டும். 2023-இல் இயற்றப்பட்ட நம் நாட்டுத் தரவுப் பாதுகாப்புச் சட்டம், 18 வயதுக்குட்பட்டோரின் விவரங்களைக் கையாளப் பெற்றோரின் இசைவைக் கோருகிறது. ஆயிரம் பேர் பார்க்கும் படத்தில் நம் சீருடையும், வீட்டு வாசலும், பேருந்து எண்ணும் தெரிந்தால், நம்மை அறியாதவரும் நாம் போகும் வழியை அறிந்துகொள்வர். விருப்பக் குறிகளின் எண்ணிக்கை நம் மதிப்பெண் அன்று. அது குறைந்த நாளில் நாம் குறைந்துவிடுவதில்லை.

முடிவுரை

நம் மாவட்டத்து மட்டி வாழைப்பழம் 2023-இல் புவிசார் குறியீடு பெற்றது. கருப்பட்டியும் நேந்திரங்காய் வற்றலும் செய்து விற்கும் தாய்மார் நம்மிடையே பலர். அவர்களின் உழைப்பை வெளியூரார்க்கு எடுத்துச் சொல்லத் தெளிவான தமிழும் ஒரு கைப்பேசியும் போதும். பெற்றோர் துணையோடு, நம் முகத்தைக் காட்டாமலே அவர்தம் பொருளைக் காட்டலாம். புகழைத் தேடி ஓடாமல், பயன்படும் செய்தியை நாள் தவறாமல், பொய் கலவாமல் சொல்லப் பழகுவோம். அப்போது நம் பூக்கடையின் மணம் இணையத்திலும் வீசும் என்பதில் ஐயமில்லை.

— பத்தாம் வகுப்பு மாணவி