ஒரு மருந்து போதாதா?

காசநோயாளிக்கு ஒரே சமயத்தில் மூன்று, நான்கு மருந்துகள் தருகிறார்களே, ஏன்? நல்ல மருந்தாக ஒன்று போதாதா? ஒரு சிறு கணக்குப் போட்டுப் பார்ப்போம்.

காசநோய் அரித்த நுரையீரலில் உண்டாகும் ஒரு குழியில் சுமார் 10 கோடிக் கிருமிகள் இருக்கக்கூடும். கிருமிகள் பெருகும்போது அவற்றின் மரபுப் பொருளில் தற்செயலாகச் சிறு மாறுதல்கள் நேருகின்றன. அதனால் ஏறத்தாழ 10 இலட்சத்தில் ஒரு கிருமி ஐசோனியசிட் மருந்தை எதிர்த்து நிற்கும். ரிபாம்பிசினை எதிர்ப்பது ஏறத்தாழ 10 கோடியில் ஒன்று.

ஐசோனியசிட்டை மட்டும் கொடுத்தால் 100 கிருமிகள் பிழைக்கும். அவை பெருகினால் குழி முழுவதும் எதிர்ப்புக் கிருமிகளே! 1940களில் ஸ்ட்ரெப்டோமைசினைத் தனியாகக் கொடுத்தபோது இதுதான் நடந்தது. தேறி வந்த நோயாளிகள் பலர் மீண்டும் நோயில் விழுந்தனர்.

இரண்டையும் சேர்த்துக் கொடுத்தால்? நிகழ்தகவுகளைப் பெருக்குங்கள். இரண்டையும் எதிர்க்கும் கிருமி 100 இலட்சம் கோடியில் ஒன்று. இருப்பதோ 10 கோடிதான்!

ஆனால் நோயாளி மாத்திரைகளை ஒழுங்கின்றி உண்டாலோ, பிறரிடமிருந்து எதிர்ப்புக் கிருமியே தொற்றினாலோ, இவ்விரு மருந்துகளும் பயனற்றுப் போகலாம். இதுவே பன்மருந்து எதிர்ப்புக் காசநோய். அப்போது பழைய மருந்துகளோடு புதிதாக ஒன்றை மட்டும் சேர்த்தால் என்ன ஆகும்? எண்ணிக்கைக்கு மூன்று மருந்துகள். வேலை செய்வது ஒன்றே. பழைய கணக்கு மீண்டும் தொடங்கும். புது மருந்தும் வீணாகும்.

ஆகவேதான் இத்தகைய நோயாளிக்கு வல்லுநர்கள் கூடி ஆலோசித்து மருந்துகளைத் தேர்ந்தெடுக்கிறார்கள். கிருமி எந்தெந்த மருந்துக்குப் பணியும் என்பதைச் சளிப் பரிசோதனை காட்டும். முன்பு உண்ட மருந்துகள் எவை என்றும் பார்க்க வேண்டும். பெடாகுவிலின் இதயத்தின் மின் இயக்கத்தை மாற்றக்கூடும். எனவே இதய மின்வரைபடம் எடுப்பார்கள். லினெசோலிட் நரம்புகளையும் இரத்த அணுக்களையும் பாதிக்கக்கூடும். ஐரோப்பாவில் மருத்துவர்கள் தங்களிடம் வரும் சிக்கலான நோயாளிகளைப் பற்றி எழுதி வல்லுநர் கருத்தைக் கேட்பதற்கென்றே 2012-இல் ஓர் ஏற்பாடு தொடங்கப்பட்டது.

முன்பு 18 மாதங்களுக்கும் மேல் நீண்ட இச்சிகிச்சையைத் தகுதியுள்ளவர்களுக்கு 6 மாதத்தில் முடிக்கும் முறையை உலக சுகாதார நிறுவனம் 2022-இல் பரிந்துரைத்தது.

உங்களுக்குத் தெரிந்த ஒருவர், "இருமல் நின்றுவிட்டதே, இனி மாத்திரை எதற்கு?" என்று கேட்டால், இந்தக் கணக்கை அவருக்குச் சொல்லுங்கள்.