ஆடிட்டருக்கு எவ்வளவு கொடுக்கலாம்?

கேள்வி: எனக்குச் சம்பளம் மட்டும்தான் வருமானம். ரிட்டர்ன் போட்டுத்தர ஆடிட்டர் 3,000 ரூபாய் கேட்கிறார். நியாயமா?

பதில்: கூடுதல்தான். 50 லட்சத்துக்குள் சம்பளம், ஒரு வீடு, கொஞ்சம் வங்கி வட்டி என்றால் 'சஹஜ்' படிவம் போதும். வருமான வரித்துறையின் இணையதளத்தில் சம்பளமும் டிடிஎஸ்ஸும் பெரும்பாலும் முன்னதாகவே நிரப்பப்பட்டிருக்கும். ஃபார்ம் 16-ஐ பக்கத்தில் வைத்துச் சரிபார்த்து, ஆதார் ஓடிபி போட்டால் முடிந்தது. செலவு பூஜ்யம்.

பங்கோ வீடோ விற்றவர் கதை வேறு. வாங்கிய தேதி, விலை, பத்திரச் செலவு என்று பழைய காகிதங்களைத் துழாவி மூலதன ஆதாயத்தைக் கணக்கிட வேண்டும். அதற்கு 3,000 சல்லிசு!

'ரீஃபண்டில் பத்து சதவீதம்' என்று பேரம் பேசுபவரிடம் போகவே வேண்டாம். பட்டயக் கணக்காளர்கள் அப்படிச் சதவீதக் கணக்கில் கட்டணம் வாங்குவதை, சில விலக்குகள் தவிர, அவர்களுக்கான 1949-ஆம் ஆண்டுச் சட்டமே தடுக்கிறது. பொய் வாடகை ரசீது காட்டி ரீஃபண்டை ஊதிப் பெருக்கினால், ஏய்த்த வரியைப்போல் இரு மடங்கு அபராதம் விழலாம். நோட்டீஸ் வருவது வரி கட்டுபவரின் பெயருக்கு.

நோட்டீஸ் வந்தால் பதில் எழுதுவதும் கட்டணத்தில் அடங்குமா, 18 சதவீத ஜிஎஸ்டி தனியா என்பதை முதலிலேயே பேசிவிடுவது நல்லது.