வாடகைக் கார் நிறுவனத்தில் வண்டி வாங்கும் வேலை

வாடகைக் கார் நிறுவனத்தில் வேலை என்றதும் டிரைவர், புக்கிங், பில்லிங் இந்த மூன்றும்தான் நம் இளைஞர்களுக்கு நினைவுக்கு வருகின்றன. அதே அலுவலகத்தின் உள்ளறையில் இன்னொரு மேசை உண்டு. எந்த வண்டி, எத்தனை, என்ன விலைக்கு, யாருடைய பணத்தில் வாங்குவது, எந்த மாதம் விற்பது என்பதெல்லாம் அங்கேதான் முடிவாகும். பெரிய நிறுவனங்களில் ஃப்ளீட் பிரிவு என்பார்கள். சின்ன டிராவல்ஸில் முதலாளியே பார்த்துக்கொள்வார். பி.காம். படித்தவருக்கும் ஆட்டோமொபைல் டிப்ளமோ முடித்தவருக்கும் தோதான இடம் இது.

உள்ளே போகும் முன் ஒன்றைத் தெரிந்துகொள்ளுங்கள். வாடகைக் கார் நிறுவனம் அடிப்படையில் கார் வாங்கி, கார் விற்கும் நிறுவனம். வாடகை நடுவில் வருவது. கணக்குப் போட்டுப் பாருங்கள். 9 லட்சத்துக்கு வாங்கிய வண்டியை மூன்று வருடம் ஓட்டி 5 லட்சத்துக்கு விற்றால் தேய்மானம் 4 லட்சம், அதாவது மாதம் 11,111 ரூபாய். அதே வண்டி 4.5 லட்சத்துக்குத்தான் போயிற்று என்றால் மாதம் 12,500. வித்தியாசம் சின்னதாகத் தெரியும். 200 வண்டி வைத்திருக்கும் நிறுவனத்துக்கு அது ஒரு கோடி ரூபாய். டீசலில் மிச்சம் பிடித்தும் டிரைவர் பேட்டாவைக் குறைத்தும் அந்த ஒரு கோடியை மீட்க முடியாது.

ஆகவே வாங்கும் மேசையில் இருப்பவர் விற்கும் விலையை முதலில் யோசித்துவிட்டுத்தான் ஷோரூமுக்குப் போக வேண்டும். மற்றதெல்லாம் இதற்குப் பிறகுதான்.

அமெரிக்கா கற்றுத்தரும் பாடம்

இந்தத் தொழில் பெரிதாக வளர்ந்த இடம் அமெரிக்கா. 1918-இல் சிகாகோவில் வால்ட்டர் ஜேக்கப்ஸ் என்ற இளைஞர் பத்துப் பன்னிரண்டு ஃபோர்டு மாடல் டி கார்களோடு வாடகைக் கடை திறந்தார். 1923-இல் அதை ஜான் ஹெர்ட்ஸ் வாங்கினார். மூன்றே வருடத்தில் ஜெனரல் மோட்டார்ஸ் கைக்குப் போயிற்று. பிற்காலத்தில், அவர் பெயரைத் தாங்கிய ஹெர்ட்ஸ் நிறுவனம் ஃபோர்டிடமும், டாலர், த்ரிஃப்டி என்ற வாடகை நிறுவனங்கள் இரண்டும் கிரைஸ்லரிடமும் இருந்தன. கார் தயாரிக்கிறவர்களுக்கு வாடகை நிறுவனத்தின்மேல் ஏன் இவ்வளவு ஆசை? தொழிற்சாலை நிற்காமல் ஓட வேண்டும். ஷோரூமில் போகாத வண்டியை மொத்தமாக எடுத்துக்கொள்ள ஒருவர் வேண்டும். அந்த ஒருவர் வாடகை நிறுவனம்.

அங்கே வண்டி வாங்குவதில் இரண்டு வகை. முதல் வகையை புரோகிராம் கார் என்பார்கள். விற்கும்போதே கார் கம்பெனி, 'இத்தனை மாதம் ஓட்டுங்கள், இத்தனை மைலைத் தாண்டாதீர்கள், பெரிய அடி படாமல் திருப்பிக் கொடுங்கள், இந்த விலைக்கு நாங்களே எடுத்துக்கொள்கிறோம்' என்று எழுதிக் கொடுத்துவிடும். தேய்மானம் முதல் நாளே தெரிந்துவிடுவதால் வாடகை நிர்ணயிப்பது சுலபம். இரண்டாவது வகை ரிஸ்க் கார். மொத்தக் கொள்முதல் தள்ளுபடியோடு வாங்கி, ஓட்டி முடித்ததும் தானே விற்க வேண்டும். மேன்ஹைம் போன்ற ஏல நிறுவனங்கள் வழியாகவும், சொந்தமாக வைத்திருக்கும் பழைய கார் கடைகள் வழியாகவும் விற்பார்கள். சந்தை நன்றாக இருந்தால் லாபம், விழுந்தால் முழு நஷ்டமும் தன் தலையில்.

பணம் எங்கிருந்து வருகிறது என்பதையும் கவனியுங்கள். பெரிய நிறுவனங்கள் கார்களை ஒரு தனி நிறுவனத்தின் பெயரில் வைத்து, அவற்றை ஈடாகக் காட்டிப் பத்திரம் விற்றுக் கடன் திரட்டுகின்றன. பிறகு அந்தத் தனி நிறுவனத்திடமிருந்தே கார்களைக் குத்தகைக்கு எடுத்து ஓட்டுகின்றன. ஈட்டின் மதிப்பு குறைந்தால் பணம் கட்டி ஈடுசெய்ய வேண்டும். 2020-இல் கொரோனா வந்து விமான நிலையங்கள் வெறிச்சோடின. வாடகையும் இல்லை, பழைய கார் விலையும் சரிந்தது. ஏப்ரல் இறுதியில் ஹெர்ட்ஸால் குத்தகைத் தவணை கட்ட முடியவில்லை. மே 22 அன்று திவால் பாதுகாப்பு கேட்டு நீதிமன்றம் போயிற்று. கூட்டம் அலைமோதிய கவுண்ட்டர்கள் கொண்ட நிறுவனம் அது. வண்டி வாங்கிய கடன்தான் அதன் கழுத்தைப் பிடித்தது.

மீண்டு வந்த அதே ஹெர்ட்ஸ் 2021 அக்டோபரில் 1,00,000 டெஸ்லா கார்கள் வாங்கப்போவதாக அறிவித்தது. உலகமே கைதட்டியது. 2023-இல் டெஸ்லா தன் புதிய கார்களின் விலையைத் திரும்பத் திரும்பக் குறைத்தது. புதிய காரே மலிவாகக் கிடைக்கும்போது வாடகைக்கு ஓடிய பழைய காரை யார் பழைய விலைக்கு வாங்குவார்கள்? அடிபட்டால் பழுது பார்க்கும் செலவும் எதிர்பார்த்ததைவிடக் கூடுதலாக இருந்தது. 2024 ஜனவரியில் 20,000 மின்சாரக் கார்களை விற்கப்போவதாகச் சொல்லி, 24.5 கோடி டாலர் தேய்மானச் செலவைக் கணக்கில் எழுதினார்கள். பிறகு எண்ணிக்கை 30,000 ஆனது. மார்ச்சில் தலைமை நிர்வாகி விலகினார்.

மின்சாரக் கார் கூடாது என்று நான் சொல்லவில்லை. புதிய வண்டியின் விலையைத் தன் விருப்பப்படி மாற்றக்கூடிய ஒரே தயாரிப்பாளரிடம், திருப்பி எடுத்துக்கொள்ளும் உறுதி இல்லாமல் அத்தனை பெரிய ஆர்டர் கொடுத்ததுதான் தவறு என்பது என் முடிவு. இதே அபாயம் நம் ஊரிலும் உண்டு. 2025 செப்டம்பர் 22 முதல் சிறிய கார்களுக்கான ஜி.எஸ்.டி. 28 சதவீதத்திலிருந்து 18 சதவீதமானது. பழைய வரியில் வண்டி எடுத்தவர் விற்கப் போகும்போது, வாங்க வருகிறவர் புதிய விலையைத்தான் கையில் வைத்துக்கொண்டு பேசுவார்.

நம் ஊரில் மூன்று வழிகள்

கடனில் வாங்குவது முதல் வழி. ஷோரூமில் டவுன் பேமென்ட் கட்டி, மீதிக்கு வங்கியிலோ ஃபைனான்ஸிலோ கடன். ஆர்.சி.யில் ஹைப்பாதிகேஷன், அதாவது கடன் கொடுத்தவரின் அடமானக் குறிப்பு, ஏறும். தவணை முடிந்ததும் என்.ஓ.சி. வாங்கி, படிவம் 35 கொடுத்து அதை நீக்க வேண்டும். தவணை முடிந்தும் ஹைப்பாதிகேஷன் நீக்காமல் கிடக்கும் வண்டிகள் பல அலுவலகங்களில் உண்டு. விற்க ஆள் வந்து நிற்கும்போதுதான் தெரியும். புதிதாகச் சேர்கிறவர் இந்தப் பட்டியலை எடுத்துச் சரிசெய்தாலே முதலாளியின் கண்ணில் படுவார்.

குத்தகைக்கு எடுப்பது இரண்டாவது. லீஸிங் நிறுவனம் வாங்கிக் கொடுக்கும், நீங்கள் மாதவாடகை கட்டுவீர்கள். கைப்பணம் முடங்காது. ஆனால் ஒப்பந்தத்தில் கிலோமீட்டர் வரம்பு எவ்வளவு, திருப்பிக் கொடுக்கும்போது கீறலுக்கும் நசுங்கலுக்கும் என்ன பிடிப்பார்கள், நடுவில் முறித்தால் என்ன தண்டம் என்ற மூன்றையும் படிக்காமல் கையெழுத்துக்கு அனுப்பாதீர்கள். மாதத்துக்கு 6,000 கிலோமீட்டர் ஓடுகிற வண்டியை 3,000 வரம்பில் எடுத்தால், சேமித்ததாக நினைத்த பணம் கடைசி பில்லில் போய்விடும்.

மூன்றாவது, அட்டாச்டு வண்டி. சொந்த வண்டி வைத்திருக்கும் ஒருவர் நிறுவனத்தோடு சேர்ந்துகொள்கிறார். டிரிப் நிறுவனம் கொடுக்கும், கமிஷன் போக மீதி அவருக்கு. தமிழ்நாட்டில் நடுத்தர டிராவல்ஸ் பலவும் இப்படித்தான் ஓடுகின்றன. பத்துச் சொந்த வண்டி, நாற்பது அட்டாச்டு வண்டி என்பது சாதாரணம். முதலாளிக்கு முதலீடு இல்லை, தேய்மானமும் இல்லை. அந்தச் சுமை முழுவதும் வண்டிக்காரருடையது. மாதக் கடைசியில் அவர் பணத்தை இழுத்தடிக்கும் நிறுவனம், தன் தவணையை அவரைக் கட்டவைத்துத் தொழில் நடத்துகிறது. நீங்கள் அந்த மேசையில் உட்கார்ந்தால் டிரிப் ஷீட்டைச் சரிபார்த்து, சொன்ன தேதியில் பணம் போகும்படி பாருங்கள். முகூர்த்த நாளிலும் சபரிமலை சீசனிலும் எல்லாரும் வண்டி தேடி அலையும்போது, ஒழுங்காகப் பணம் கொடுத்த இடத்துக்குத்தான் அவர்கள் முதலில் வருவார்கள்.

பெங்களூரில் 2013-இல் தொடங்கிய ஜூம்கார் தன் வண்டிகளை வைத்து ஆரம்பித்து, பிறகு அடுத்தவர் காரைச் செயலியில் பட்டியலிட்டு வாடகைக்கு விடும் முறைக்கு மாறியது. சொந்தமாக வண்டி வைத்திருப்பது எவ்வளவு கனம் என்பதற்கு இதுவும் ஒரு சாட்சி.

கடன் வாங்கிய பணம் வண்டியாக வந்து நிற்கிறதா என்று பார்ப்பதும் இந்த மேசையின் வேலையே. 2025 ஏப்ரலில் ஜென்சால் எஞ்சினியரிங் பற்றிப் பங்குச் சந்தை ஒழுங்குமுறை அமைப்பான செபி பிறப்பித்த இடைக்கால உத்தரவைப் படித்துப் பாருங்கள். ப்ளூஸ்மார்ட் டாக்சி நிறுவனத்துக்குக் குத்தகைக்கு விட 6,400 மின்சாரக் கார்கள் வாங்குவதற்கென்று 663.89 கோடி ரூபாய் கடன் பெறப்பட்டது. வாங்கியதோ 4,704 வண்டிகள். நிறுவனம் தன் பங்காகப் போட வேண்டிய பணத்தையும் சேர்த்தால் 262.13 கோடிக்குக் கணக்கு இல்லை என்று செபி அதில் சொன்னது. அதே மாதம் ப்ளூஸ்மார்ட் டாக்சிகள் நின்றுபோயின. ஓட்டிப் பிழைத்தவர்கள் ஒரே இரவில் வேலை இழந்தார்கள். கொள்முதல் பதிவேடு ஒழுங்காக இருப்பது எத்தனை குடும்பங்களின் சோறு என்பதை அந்த உத்தரவு காட்டுகிறது.

போர்டின் நிறம்

டிரைவரோடு வாடகைக்குப் போகும் வண்டிக்கு மஞ்சள் போர்டு, கறுப்பு எழுத்து. வாடிக்கையாளரே ஓட்டும் வண்டிக்குக் கறுப்பு போர்டு, மஞ்சள் எழுத்து. இந்த இரண்டாவது வகைக்கு 1989-ஆம் ஆண்டின் ரென்ட்-எ-கேப் திட்டப்படி உரிமம் வேண்டும், அதற்குக் குறைந்தது 50 வண்டிகள் கேட்கிறது அந்தத் திட்டம். வெள்ளை போர்டு வண்டியை வாடகைக்கு விட்டால் பெர்மிட் இல்லாத குற்றம். விபத்து நடந்தால் சொந்த உபயோகத்துக்கு எடுத்த இன்சூரன்ஸ் கைகொடுக்காது. 'எல்லாரும் விடுகிறார்களே' என்று சொல்லும் இடத்தில் வேலைக்குச் சேராதீர்கள்.

வர்த்தகப் பதிவில் எடுத்த வண்டிக்கு எட்டு வருடம் வரை இரண்டு வருடத்துக்கு ஒருமுறையும், அதன்பின் ஆண்டுதோறும் எஃப்.சி. எனும் தகுதிச் சான்றுக்கு வண்டியைக் காட்ட வேண்டும். வேகக் கட்டுப்பாட்டுக் கருவியும் வேண்டும். பின்னால் சொந்த உபயோகத்துக்கு விற்பதானால் பெர்மிட்டை ஒப்படைத்து, வரி வித்தியாசம் கட்டி, போர்டு மாற்ற வேண்டும். இந்தச் செலவையும் அலைச்சலையும் வாங்குபவர் விலையில் கழிப்பார். வருமான வரிக் கணக்கில் ஒரு நன்மை உண்டு: வாடகைக்கு ஓடும் காருக்கு 30 சதவீதம் தேய்மானம் காட்டலாம், மற்ற கார்களுக்கு 15 சதவீதம்தான்.

டெலிவரி எடுக்கும் நாள்

இருபது வண்டி ஒன்றாக எடுக்கும்போது டீலர் மாலை போட்டு, கேக் வெட்டி அனுப்பிவைக்கத் துடிப்பார். நீங்கள் அதற்கு முந்தின நாளே ஸ்டாக்யார்டுக்குப் போய்விடுங்கள். ஒவ்வொரு வண்டியின் சேஸிஸ் எண்ணையும் இன்வாய்ஸோடு ஒப்பிடுங்கள். உற்பத்தி மாதத்தைப் பாருங்கள். ஜனவரியில் பதிவானாலும் முந்தின வருடத் தயாரிப்பு என்றால் விற்கும்போது ஒரு வயது கூடுதலாகத்தான் பேசுவார்கள். அப்படி வண்டி தருவதானால் தள்ளுபடியும் அதற்கேற்ப வர வேண்டும்.

குனிந்து டயரின் பக்கச்சுவரைப் பாருங்கள். நான்கு இலக்க எண் இருக்கும். 2324 என்றிருந்தால் 2024-ஆம் ஆண்டின் 23-ஆவது வாரத்தில் செய்த டயர். ஐந்தும் ஏறக்குறைய ஒரே காலமாக இருக்க வேண்டும், ஸ்டெப்னியையும் சேர்த்து. பேட்டரி தேதி, ஓடோமீட்டர், ஜாக்கி, இரண்டாவது சாவி எல்லாவற்றையும் எழுதிக்கொள்ளுங்கள். இரண்டாவது சாவியை அலுவலகத்தில் எண் போட்ட கவரில் பூட்டி வையுங்கள், டிரைவர் கையில் கொடுக்காதீர்கள். படிவம் 21, 22 இரண்டும் சேஸிஸ் எண் பிழையில்லாமல் இருக்கின்றனவா என்று பார்த்தபிறகே பதிவுக்கு அனுப்புங்கள்.

தள்ளுபடி, இலவச ஆக்சஸரி, கூடுதல் வாரண்டி எதுவானாலும் இன்வாய்ஸிலோ கடிதத்திலோ எழுத்தில் வரட்டும். தனிப்பட்ட முறையில் உங்களுக்கு என்று டீலர் எதை நீட்டினாலும் வாங்காதீர்கள். இந்தத் துறை சிறியது, பெயர் கெட்டால் அடுத்த ஊரிலும் வேலை கிடைக்காது.

எங்கிருந்து தொடங்குவது

பலரும் கொள்முதல் பிரிவில்தான் இடம் கேட்பார்கள். நான் சொல்வது மாறாக இருக்கும்: முடிந்தால் பழைய வண்டி விற்கும் பிரிவில் இரண்டு வருடம் இருங்கள். ஏலக் கூடத்தில் எந்த நிறம் தேங்குகிறது, எந்த மாடலுக்குக் கை உயர்கிறது, சர்வீஸ் ரெக்கார்டு முழுமையாக இருந்தால் எவ்வளவு கூடுகிறது என்று அங்கே கண்ணால் பார்ப்பீர்கள். நம் டிராவல்ஸ்காரர்கள் இன்னோவாவை ஏன் இவ்வளவு நம்புகிறார்கள் என்பதும் அங்கேதான் புரியும். லட்சக்கணக்கில் கிலோமீட்டர் ஓடியபிறகும் அதற்கு வாங்க ஆள் இருக்கிறது. லீஸிங் நிறுவனம், வாகனக் கடன் கொடுக்கும் ஃபைனான்ஸ், கார் டீலரின் கார்ப்பரேட் விற்பனைப் பிரிவு ஆகியவற்றில் பெற்ற அனுபவமும் இதே மேசைக்குக் கொண்டுவரும்.

எக்செல் நன்றாகத் தெரிந்திருக்க வேண்டும். நேர்முகத்தில் அநேகமாக வரும் கேள்வி: 'இந்த வண்டிக்கு ஒரு கிலோமீட்டருக்கு என்ன ஆகிறது?' எரிபொருளை மட்டும் சொன்னால் பாதிப் பதில். தேய்மானம், வட்டி, இன்சூரன்ஸ், வரி, டயர், சர்வீஸ், டிரைவர் சம்பளம், காலியாகத் திரும்பும் கிலோமீட்டர் எல்லாவற்றையும் சேர்த்து ஒரு தாளில் போட்டுக் காட்டத் தெரிய வேண்டும். பயிற்சிக்கு இன்றே ஒரு மாடலை எடுத்துக்கொள்ளுங்கள். அதன் ஆன்ரோடு விலையை ஷோரூமில் கேளுங்கள். மூன்று வருடம் ஓடிய மஞ்சள் போர்டு வண்டி என்ன விலைக்குப் போகிறது என்று இரண்டு புரோக்கர்களிடம் விசாரியுங்கள். மாதாமாதம் அதே விலையைத் திரும்பக் கேட்டு ஒரு நோட்டில் தேதியோடு எழுதி வாருங்கள். நேர்முகத்துக்குப் போகும்போது அந்த நோட்டையும் எடுத்துப் போங்கள்.