வண்டிக்குள் ஓர் இரவு

விழுப்புரத்திலிருந்து திருவண்ணாமலைக்குச் செல்லும் சாலையில் கெடார் என்றோர் ஊர் இருக்கிறது. சென்ற அரையாண்டு விடுமுறையில் ஒரு நாள் விடியற்காலை ஐந்து மணிக்கு, அந்த ஊர்ச் சாலையோரத்தில், புளியமரம் ஒன்றின் அடியில், காருக்குள் படுத்திருந்த நான் கனத்த தலையுடன் கண் விழித்தேன். கண்ணாடிகளில் எல்லாம் நீர் வழிந்துகொண்டிருந்தது. விரலால் துடைத்துப் பார்த்தேன். நீர் வெளிப்பக்கத்தில் அல்ல, உள்பக்கத்தில் இருந்தது!

நாங்கள் நான்கு பேர்: நான், என் மைத்துனர், பத்தாம் வகுப்புப் படிக்கும் என் மகள், அவருடைய மகன். நீலகிரிக்குப் போய்விட்டுத் திருவண்ணாமலை வழியாகத் திண்டிவனம் திரும்பிக்கொண்டிருந்தோம். மைத்துனருடையது பழைய பெட்ரோல் கார். அதன் கூரை பின்கதவு வரை நீண்டிருக்கும். பின் இருக்கையை மடக்கினால் கட்டில் போலச் சமதளமாகிவிடும். இவ்வகை வண்டிக்கு ஸ்டேஷன் வேகன் என்று பெயர். ரயிலில் வந்து இறங்குவோரையும் அவர்கள் பெட்டி படுக்கைகளையும் ஏற்றிச் செல்ல அமெரிக்காவில் பிறந்த வண்டி அது. இரவு ஒரு மணிக்கு மைத்துனருக்குக் கண் சொருகியது. வண்டி சாலையின் நடுக்கோட்டை ஒருமுறை தாண்டியது. "மச்சான், நிறுத்துங்க. வீடு எங்கேயும் ஓடிப்போகாது" என்றேன். அப்படித்தான் கெடாரில் தங்கினோம்.

எதிரே டீக்கடை திறந்திருந்தது. டீ ஆற்றிக்கொண்டே கடைக்காரர் சொன்னார்: "ராத்திரி நல்லா பனி பேஞ்சிருக்கு சார். கார் மேல பாருங்க." பார்த்தோம். காரின் முன்பாதி மழையில் நனைந்ததுபோல் இருந்தது. பின்பாதி உலர்ந்திருந்தது.

என் மகள் கேட்டாள்: "அப்பா, பனி மேலேயிருந்து பெய்தால் முழுக்க நனையணும். மரம் மறைச்சதுன்னு சொன்னால், அப்ப இலை நனைஞ்சு கீழே சொட்டியிருக்கணும். பாதி கார் மட்டும் ஏன் காய்ஞ்சிருக்கு?"

மாணவர்களே, நல்ல கேள்வி. பனி பெய்வதில்லை. காற்றில் எப்போதும் நீராவி இருக்கிறது. காற்று குளிரக் குளிர அது தாங்கக்கூடிய நீராவியின் அளவு குறையும். ஒரு குறிப்பிட்ட வெப்பநிலையில் காற்று தெவிட்டிய நிலையை அடையும். அதைப் பனிநிலை என்கிறோம். பனிநிலையைவிடக் குளிர்ந்த பொருள் எதைக் காற்று தொட்டாலும், அதன் மேல் நீராவி நீராகப் படியும். பனிநீர் தரையிலும் இலையிலும் தகட்டிலும் அங்கேயே உண்டாவது; விழுவது அல்ல.

சரி, காரின் தகடு மட்டும் காற்றைவிட அதிகமாக எப்படிக் குளிர்ந்தது? கதிர்வீசலால். ஒவ்வொரு பொருளும் வெப்பக் கதிர்களை வெளிவிட்டுக்கொண்டே இருக்கிறது. சுற்றியுள்ள பொருள்களிலிருந்து கதிர்களைப் பெற்றுக்கொண்டும் இருக்கிறது. மேகமற்ற வானத்தை நோக்கிய தகடு வானுக்குக் கொடுப்பது அதிகம், திரும்பப் பெறுவது குறைவு. புளியமரத்தின் கீழ் இருந்த பின்பாதியோ, தான் கொடுத்ததைப் பெரும்பாலும் இலைகளிடமிருந்து திரும்பப் பெற்றுக்கொண்டது. பௌதிக ஆசிரியன் வெப்பமானி இல்லாமல் வெளியூர் போக மாட்டான் என்று என் மனைவி கேலி செய்வது உண்டு. அன்று அது பயன்பட்டது. வெளிக்காற்று 19 டிகிரி செண்டிகிரேடு. முன்பக்கத் தகட்டின் மேல் வைத்துப் பார்த்தால் 16. பின்பக்கத் தகட்டின் மேல் 19-க்குச் சற்றுக் குறைவு.

இதை முதலில் தெளிவாக விளக்கியவர் லண்டனில் வாழ்ந்த வில்லியம் வெல்ஸ் என்ற மருத்துவர். இரவுதோறும் தோட்டத்தில் கம்பளிப் பஞ்சுத் துணுக்குகளைத் திறந்தவெளியிலும் பலகையின் கீழும் வைத்து, காலையில் எடை பார்த்தார். 1814-இல் பனிநீரைப் பற்றிய நூலை வெளியிட்டார். பஞ்சும் தராசும் இருந்தால் நீங்களும் செய்யலாம்.

இது வெளியே இருந்த நீர். உள்ளே வழிந்த நீர் எங்கிருந்து வந்தது? எங்களிடமிருந்துதான். உறங்கும் மனிதன் மூச்சின் வழியாகவும் தோலின் வழியாகவும் மணிக்குச் சுமார் 30 கிராம் நீரை ஆவியாக வெளிவிடுகிறான். நான்கு பேர், நான்கு மணி நேரம்: ஏறத்தாழ அரை லிட்டர். காரின் உள்ளளவு சுமார் 4 கன மீட்டர். அந்தக் காற்று ஏற்கெனவே ஈரமானது. இன்னும் பத்துப் பன்னிரண்டு கிராம் நீராவியைத்தான் அதனால் தாங்க முடியும். மீதி நீராவி துணியிலும், குளிர்ந்திருந்த கண்ணாடியிலும் படிந்துவிட்டது.

கண்ணாடியில் நீர் படிந்ததில் ஆபத்து ஒன்றுமில்லை. ஆனால் அது ஓர் அறிவிப்பு. நீராவி வெளியேறவில்லை என்றால், அதே மூச்சில் வந்த கரியமிலவாயுவும் வெளியேறவில்லை என்று பொருள். இந்தக் கணக்கையும் போடுவோம். உறங்கும்போது நிமிடத்துக்கு ஐந்தரை லிட்டர் காற்றைச் சுவாசிக்கிறோம் என்று கொள்வோம். வெளிவிடும் மூச்சில் 4 சதவிகிதம் கரியமிலவாயு. மணிக்கு ஒருவருக்கு 13 லிட்டர், நால்வருக்கு 50 லிட்டருக்குச் சற்று மேல். காருக்குள் இருப்பது 4,000 லிட்டர் காற்று. காற்றுப் புகாத பெட்டியாக இருந்தால் ஒரு மணி நேரத்தில் ஒன்றேகால் சதவிகிதம், நான்கு மணி நேரத்தில் 5 சதவிகிதம்! கார் அவ்வளவு இறுக்கமான பெட்டி அல்ல. கதவு ரப்பரின் இடுக்குகளில் காற்று கசிகிறது. அதனால்தான் தலைவலியோடு தப்பினோம். வெளிக்காற்றில் கரியமிலவாயு 0.04 சதவிகிதத்துக்குச் சற்று மேல்தான் என்பதை நினைத்துப் பாருங்கள்.

பௌதிகம் படித்தவர் ஏன் கண்ணாடியை மூடினீர்கள் என்று கேட்பீர்கள். கொசு! வயல்வெளிக் கொசுவுக்கு முன்னால் முதுகலைப் பட்டம் என்ன செய்யும்? வெட்கத்துக்குரிய செய்தி என்னவென்றால், இரண்டு நாள் முன்பு உதகமண்டலத்தில் இதே விஷயத்தைப் பற்றி இன்னொருவருக்கு நான் பாடம் நடத்தியிருந்தேன்.

உதகை கடல் மட்டத்திலிருந்து சுமார் 2,240 மீட்டர் உயரத்தில் உள்ளது. ஒரு கிலோமீட்டர் ஏறினால் காற்றின் வெப்பநிலை சராசரியாக ஆறரை டிகிரி குறையும். ஆகவே சமவெளியைவிடப் பதினான்கு, பதினைந்து டிகிரி குளிர். டிசம்பர், ஜனவரியில் புல்வெளிகளில் உறைபனி படிவதும் உண்டு. அன்று எங்களுக்கு அறை கிடைக்கவில்லை. வண்டிகள் நிறுத்தும் திடலில் காரிலேயே படுத்தோம். வெளியே 4 டிகிரி. எதிர்ப்புறக் கண்ணாடிகள் இரண்டையும் இரண்டு விரற்கடை இறக்கிவிட்டிருந்தேன். "மாமா, இருக்கிற சூடும் போயிடுமே" என்றார் மைத்துனர்.

போகுமா? மாணவர்களே, இந்தக் கட்டுரையில் நீங்கள் பென்சிலை எடுக்க வேண்டிய இடம் இதுதான். உறங்கும் மனித உடல் ஒன்று சுமார் 75 வாட் வெப்பத்தைத் தருகிறது. நான்கு பேர் என்பது நான்கு 75 வாட் குண்டு பல்புகள்: மொத்தம் 300 வாட். காரின் தகடும் கண்ணாடியும் சேர்ந்து சுமார் 20 சதுர மீட்டர் பரப்பு. உள்ளும் வெளியும் 1 டிகிரி வித்தியாசம் இருந்தால், ஒரு சதுர மீட்டர் வழியாக ஏறத்தாழ 5 வாட் வெளியேறும். அப்படியானால் முழுக் காரின் வழியாக, ஒவ்வொரு டிகிரிக்கும் 100 வாட். 300 வாட்டை 100-ஆல் வகுத்தால் 3. நான்கு பேர் இரவு முழுதும் மூச்சைப் பிடித்துக்கொண்டு கண்ணாடியை மூடி வைத்தாலும், உள்ளே வெளியைவிட 3 டிகிரிதான் கூடும்!

இனி இடுக்கின் வழியே போகும் வெப்பம். ஒரு கன மீட்டர் காற்றின் நிறை சுமார் 1.2 கிலோகிராம். அதன் தன்வெப்பம் கிலோவுக்கு, டிகிரிக்கு 1,000 ஜூல். 3 டிகிரி சூடான ஒரு கன மீட்டர் காற்று வெளியேறினால் நாம் இழப்பது 1.2 × 1,000 × 3 = 3,600 ஜூல். ஒரு மணிக்கு எத்தனை விநாடி? அதே 3,600! ஆகவே மணிக்கு ஒரு கன மீட்டர் காற்று மாறினால் இழப்பு ஒரே ஒரு வாட். மணிக்கு 20 கன மீட்டர் காற்று மாறினால் 20 வாட். 300-இல் 20 போனால் என்ன குறைந்துவிடும்? உள்ளே வெப்பநிலை கால் டிகிரிகூடக் குறையாது. ஆனால் அந்த 20 கன மீட்டர் காற்று, கரியமிலவாயுவை 0.3 சதவிகிதத்துக்குள் வைத்துவிடும். வெப்பம் களவு போவது தகட்டின் வழியாகவும் கண்ணாடியின் வழியாகவும்தான். இடுக்கின் வழியாக அல்ல.

உதகையில் கண்ணாடி இறங்கியிருந்தபோது உள்ளே 7 டிகிரி, வெளியே 4. கெடாரில் எல்லாம் மூடியிருந்தபோது உள்ளே 22.5, வெளியே 19. வித்தியாசம் முன்னதில் 3, பின்னதில் 3.5. இரண்டும் வேறு ஊர், வேறு வானம்; ஆகவே இதை முறையான சோதனை என்று சொல்ல மாட்டேன். கணக்கோடு ஒத்துப்போகிறது என்று மட்டும் சொல்வேன். 7 டிகிரியில் எப்படித் தூங்குவது? காரைச் சூடாக்க முயலாமல் ஆளைச் சூடாக்க வேண்டும். கீழே செய்தித்தாள் அடுக்கு, அதன் மேல் ஜமுக்காளம், மேலே கம்பளி. கம்பளிக்குள் சிறைப்பட்ட அசையாத காற்றுதான் நல்ல காப்பான். நாங்கள் நன்றாகவே தூங்கினோம்.

ஆனால் தூங்குவதற்கு முன் ஒன்று நடந்தது. பக்கத்தில் நின்ற ஒரு சுற்றுலா வண்டியின் இயந்திரம் ஓடிக்கொண்டே இருந்தது. கண்ணாடிகள் எல்லாம் மூடியிருந்தன. உள்ளே குழந்தைகள் உறங்கினார்கள். காரின் ஹீட்டர் இயந்திரத்தின் வெப்பத்தையே எடுத்துத் தருவது. ஆகவே அது வேண்டுமானால் இயந்திரம் ஓடித்தான் ஆக வேண்டும். கண்ணாடியைத் தட்டினேன். ஓட்டுநர் எரிச்சலோடு இறக்கினார். "ஹீட்டர் போட்டாத்தான் சார் பிள்ளைங்க தூங்குதுங்க." கால் மணி நேரம் பேசினேன். கடைசியில் இயந்திரத்தை நிறுத்தி, எங்களிடம் மீதியிருந்த ஒரு கம்பளியையும் வாங்கிக்கொண்டார்.

அவரிடம் நான் சொன்னது இதுதான். எரிபொருள் முழுதாக எரிந்தால் கரியமிலவாயு உண்டாகும். அரைகுறையாக எரிந்தால் கார்பன் மோனாக்ஸைடு உண்டாகும். இதற்கு நிறமில்லை, மணமில்லை. இரத்தத்திலுள்ள ஹீமோகுளோபின், பிராணவாயுவைப் பற்றிக்கொள்வதைவிட 200 முதல் 250 மடங்கு வலுவாக இதைப் பற்றிக்கொள்ளும். காற்றில் பிராணவாயு 21 சதவிகிதம். மோனாக்ஸைடு 0.1 சதவிகிதம் இருக்கிறது என்று கொள்வோம். அதாவது 210-இல் ஒரு பங்கு. எண்ணிக்கையில் 210 மடங்கு குறைவு. பற்றும் வலுவில் அதே அளவு மடங்கு அதிகம். விளைவு? சில மணி நேரத்தில் ஹீமோகுளோபினில் பாதி, பிராணவாயுவைச் சுமக்க முடியாமல் அடைபட்டுவிடும். உயிருக்கே ஆபத்தான நிலை அது. காரின் 4,000 லிட்டரில் 0.1 சதவிகிதம் என்பது வெறும் 4 லிட்டர். பராமரிப்பில்லாத பழைய பெட்ரோல் இயந்திரம் ஓரிரு நிமிடங்களில் வெளிவிடும் புகையிலேயே அவ்வளவு இருக்கும். நிற்கும் வண்டியின் அடியில் புகை தேங்கும். துருப்பிடித்த தரைத் துளை வழியாகவும், தேய்ந்த பின்கதவு ரப்பர் வழியாகவும் உள்ளே வரும். எங்கள் வண்டி போன்றவற்றில் படுப்பவர் தலை பின்கதவுக்கு அருகிலேயே இருக்கிறது!

இன்னொரு கொடுமையும் உண்டு. கரியமிலவாயு கூடினால் உடல் அதை உணர்ந்து வேகமாக மூச்சு வாங்கும், தலை வலிக்கும், விழிப்பும் வரலாம். மோனாக்ஸைடு உள்ளே புகுந்தால் உடலுக்குள் அப்படி மணி அடிப்பதில்லை. உறங்குபவர் இன்னும் ஆழ்ந்து உறங்குகிறார். ஜே. எஸ். ஹால்டேன் என்ற விஞ்ஞானி இவ்வாயுவைத் தாமே சுவாசித்து, அதன் விளைவுகளை 1895-இல் வெளியிட்டார். மனிதனுக்கு முன்பே சிறு பிராணிகள் மயங்கி விழும் என்று அவர் காட்டியதால், பிரிட்டனின் சுரங்கங்களில் கானரிக் குருவிகளைக் கொண்டுசெல்லும் வழக்கம் வந்தது. 1986 வரை அது நீடித்தது.

இது ஏட்டுச் செய்தி என்று எண்ண வேண்டாம். பாகிஸ்தானின் முர்ரீ மலைநகரில் 2022 ஜனவரியில் பனிப்பொழிவில் சிக்கிய கார்களுக்குள் இருபதுக்கும் மேற்பட்டோர் இறந்தனர். காரணம் குளிரும் கார்பன் மோனாக்ஸைடும் என்று அதிகாரிகள் கூறினர். பனி, புகைக்குழாயை மூடிக்கொண்டால் புகை வண்டிக்குள்தான் வரும். பனியே இல்லாத இடத்திலும் இது நேரும். 2024 டிசம்பரில் கேரளத்தின் வடகரையில், சாலையோரம் நிறுத்தியிருந்த கேரவன் வண்டிக்குள் இருவர் இறந்து கிடந்தனர். ஏ.சி.க்காக ஓடிய ஜெனரேட்டரின் புகையிலிருந்த மோனாக்ஸைடு உள்ளே புகுந்ததே காரணம் எனக் கண்டறியப்பட்டது. ஆகவே ஏ.சி.க்கும் இதே விதிதான். கரி எரியும் கணப்புச் சட்டியை மூடிய வண்டிக்குள்ளோ அறைக்குள்ளோ வைத்துக்கொள்வதும் இதே ஆபத்துதான். மேலும் ஒன்று: இரண்டு விரற்கடை இடுக்கு மூச்சுக்குப் போதும். ஓடும் இயந்திரத்தின் புகைக்கு அது மாற்று மருந்தல்ல. காற்று எதிர்த்திசையில் வீசினால் புகை அந்த இடுக்கின் வழியாகவே உள்ளே வரும். இயந்திரத்தை நிறுத்தத்தான் வேண்டும்.

கொசுவுக்கு என்ன வழி? திண்டிவனம் வந்து சேர்ந்ததும் என் மகள் பழைய கொசுவலையை வெட்டி, காரின் கதவுகளுக்கு உறை தைத்துவிட்டாள். கதவின் மேல் மாட்டிக் கதவை மூடினால், கண்ணாடியை இறக்கிக்கொள்ளலாம். அடுத்த பயணத்தில் சோதித்துப் பார்க்க வேண்டும்.

இதோ உங்களுக்கு ஒரு கணக்கு. ஒரு வேனில் 12 பேர் உறங்குகிறார்கள். தகடும் கண்ணாடியும் சேர்ந்து 36 சதுர மீட்டர். இயந்திரம் ஓடவில்லை. உள்ளே கரியமிலவாயு 0.3 சதவிகிதத்தைத் தாண்டாதிருக்க மணிக்கு எத்தனை கன மீட்டர் காற்று மாற வேண்டும்? அதனால் இழக்கும் வெப்பம், 12 உடல்கள் தரும் வெப்பத்தில் எத்தனையில் ஒரு பங்கு? வெளிக்காற்றிலேயே உள்ள கரியமிலவாயுவைக் கழிக்க மறக்க வேண்டாம்.